ஜன்னலுக்குக் கீழே கரும்புள்ளி

"அந்தச் செடியில கத்திரி வெச்சே, அப்புறம் நீ யாரோ நான் யாரோ."

"புள்ளி விழுந்த இலையைக் கிள்ளாம விட்டா மத்த செடிக்கும் ஏறிடும்க்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"ஏறட்டும். அது அப்படியே நிக்கட்டும். ஊரை விட்டுப் போறவ நீ. உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ன நாந்தோ, கேட்டைத் தட்டத் தூக்கின கையை அப்படியே இறக்கிட்டான். முதுகுல மருந்தடிக்கிற டப்பா. உள்ள மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலத் தண்ணி. மூடி சரியில்லாம வழி நெடுக ஒழுகி, சட்டை முதுகு பூரா நீலமாயிடுச்சு.

"உள்ள சண்டை டோன்யா. ஈஸ்டர் முடிஞ்சு வரலாமா?"ன்னு கிசுகிசுத்தான்.

டோன்யான்னு அவன் மரியாதையாக் கூப்பிட்டது எர்சிலியா துரானை. அவங்க காது வேலிக்குள்ள இருந்துச்சு. தீவு நடுவுல மலைமேல இருக்கிற கொன்ஸ்தான்சா ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல பல வருஷம் டைப் அடிச்சவங்க. அடுத்தவன் தப்பாக் கண்டுபிடிச்சதையெல்லாம் சுத்தமா டைப் பண்ணிக் கொடுத்து அலுத்துப்போய், பூச்சிமருந்துக் கடைக்கு மேல சின்னதா ஒரு ரூம் எடுத்து சொந்தமா துப்பறிய உக்காந்துட்டாங்க. இப்ப அவங்ககூட எடுபிடியா இருக்கிற நாந்தோ, அதுக்கு முன்னாடி பொனாவோ ஊருக்குப் போற குவாகுவாவுல, அதாவது மினி பஸ்ல, டிக்கெட் காசு வாங்கிட்டிருந்தவன். ஒரு கர்னலோட மாமியாரைப் பாத்து, "பாட்டி, ரெண்டு சீட்டுக்குக் காசு குடுங்க, ரெண்டு சீட்டுல உக்காந்திருக்கீங்க"ன்னு சொன்னதோட அந்த வேலை போச்சு. பயம் வந்தா அவனுக்கு வாய் கூடிடும். இன்னிக்கிக் காலையிலேருந்து மூடவே இல்ல.

பயப்படக் காரணம் இருந்துச்சு. இந்த வீட்டு மருமக யுதெல்கா நேத்து ரூமுக்கு வந்து, உக்காரச் சொல்லியும் உக்காராம நின்னுட்டே சொன்ன கதை அப்படி. புருஷன் எவாரிஸ்தோ கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கள்ளத்தோணி ஏறி போர்ட்டோ ரிக்கோ போனார். கடற்கரை வரைக்கும் ஜீப்புல கொண்டு விட்டது அவரோட அக்கா புருஷன் லெயோனிதாஸ். அதுக்கப்புறம் எவாரிஸ்தோ போன்லேருந்து மெசேஜ் மட்டும் வருது. குரல் வரல. கேட்டா, வேலை செய்யற இடத்துல பேச விடமாட்டாங்கன்னு மெசேஜ். போன வாரம் வந்தது வேற மாதிரி. நீயும் வந்துடு. லெயோனிதாஸ் மச்சான் கூட்டிட்டு வருவார். சாமான் எதுவும் வேணாம். யார்கிட்டயும் சொல்லாத.

கடைசி வரியை நாந்தோ ரெண்டு தடவை படிச்சான்.

யுதெல்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அவர் உயிரோட இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க டோன்யா. இருந்தா நான் கடல்ல விழுந்தாவது போயிடறேன். இல்லைன்னா..." நாளைக்குச் சாயங்காலம் ஜீப் வருதுன்னா. அந்த நாளைக்கு, இன்னிக்கி.

மெசேஜை எல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்தும் எர்சிலியாவுக்கு ஒண்ணும் சிக்கல. வீட்டைப் பாக்கணும்னாங்க. எப்படி உள்ள போறது? ரோஜாவுக்கு ஏதோ நோய்னு யுதெல்கா பேச்சுவாக்குல சொன்னா. அப்ப செடி டாக்டரா வரோம்னு முடிவாச்சு. கீழ் கடையில டப்பா இரவல்.

கேட்டைத் திறந்தது யுதெல்காவோட நாத்தனார், லெயோனிதாஸ் பொண்டாட்டி காசில்தா. தவக்காலத்துக்கு இனிப்பு பீன்ஸ் பாயசம் காய்ச்சிட்டிருந்த கரண்டியோடவே வந்துச்சு. தேங்காப்பால் வாசனை கூடவே வந்துச்சு. ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, இந்தச் செடிக்கெல்லாம் டாக்டர் தேவையில்ல, வந்ததுக்கு காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு.

தோட்டத்துல யுதெல்கா கத்திரியோட நின்னா. செடியைப் பத்திக் கேட்டதும் கத்திரியை இடுப்புல சொருகிட்டுப் பேச ஆரம்பிச்சா. வீட்டைச் சுத்தி ரோஜா. சிவப்பு, மஞ்சள், உள்ளங்கை ரோஸ். எல்லாம் அவ வெச்சது. பள்ளத்தாக்குல இந்த மாசத்துல மழை கிடையாது, காத்துதான். காத்தும் வெயிலுமா இருந்தா ரோஜாவுக்கு வர்றது சாம்பல் நோய், இலை மேல மாவு தூவின மாதிரி. அதுக்கு சோடா உப்பும் சோப்புத் தண்ணியும் அடிச்சா அடங்கிடும். எல்லார் தோட்டத்துலயும் அதுதான் இருக்கு. அவ தோட்டத்துல அதுகூட இல்ல.

"அப்புறம் எதுக்குச் சண்டை?"ன்னு எர்சிலியா கேட்டாங்க.

யுதெல்கா வீட்டுச் சுவரோரமா கூட்டிட்டுப் போனா. மாடி ஜன்னலுக்கு நேர் கீழ ஒரு சிவப்பு ரோஜா. நல்ல உயரம். அதோட ஒரு தோள் பூரா கருப்பு. இலையில வட்ட வட்டமா புள்ளி, ஓரம் பிசிறு பிசிறா, சுத்தி மஞ்சள். கை பட்டாலே உதிருது. கீழ விழுந்த இலையை அவ அப்பப்ப பொறுக்கி எரிச்சிட்டுத்தான் இருக்கா. உரக்குழியில போட்டா மறுபடி வரும்னு எரிக்கறாளாம். கத்திரியைக்கூட ஒவ்வொரு செடிக்கும் நடுவுல க்ளோரின் தண்ணியில முக்கித் துடைக்கறா. அப்படியும் விடல.

"இது கரும்புள்ளி"ன்னா. "இது ஈரத்து நோய். இலை ராத்திரி முழுக்க நனைஞ்சே கெடந்தாத்தான் புடிக்கும். வித்து எங்கயாவது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும் டோன்யா, ஈரம் இல்லாம முளைக்காது. அதுக்குத்தான் நான் காலையில மட்டும், வேர்ல மட்டும் தண்ணி ஊத்துவேன். பூவாளித் தலையைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ஊத்துவேன். ஒரு இலை நனையாது."

எர்சிலியா அண்ணாந்து பாத்தாங்க. கூரை நல்லா அகலமா வெளிய நீட்டிட்டிருந்துச்சு. மழை பெஞ்சாகூட இந்தச் செடி மேல விழாது. பனியும் படாது. தோட்டத்துலயே ரொம்பக் காஞ்ச இடம் இதுதான். இங்க மட்டும் ஈரத்து நோய்.

"எப்பவும் கீழ் இலையிலதானே ஆரம்பிக்கும்? மண்ணுல தெறிக்கிற தண்ணியிலேருந்து?"

"ஆமா. இது உச்சியில ஆரம்பிச்சுது. அதுவும் சுவரை விட்டுத் தள்ளின பக்கத்துல மட்டும்."

நாந்தோ தன் பங்குக்கு யோசனை சொன்னான். எவனோ குடிச்சிட்டு வந்து தினம் செடி மேல ஒண்ணுக்கு அடிக்கிறான், கேஸ் முடிஞ்சுதுன்னு. மூத்திரம்னா இலை கருகும், புள்ளி விழாதுன்னாங்க எர்சிலியா. அப்புறம், அவ்வளவு உயரத்துக்கு அடிக்கிற ஆம்பள இந்த ஊர்ல இருந்தா அவனை முதல்ல எனக்குக் காட்டுன்னாங்க. யுதெல்கா சிரிச்சே விட்டா. சிரிச்ச வேகத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அந்த நேரம் பாத்து பின்னாடி ஒரு குரல். "என்ன மருந்து தம்பி அது?"

நாந்தோ துள்ளின துள்ளல்ல டப்பா மூடி கழண்டு நீலத் தண்ணி காலோட போச்சு. லெயோனிதாஸ். நடந்து வந்த சத்தமே இல்ல. நல்லா சலவை பண்ணின சட்டை, ஷூவுல தூசி இல்ல. கையில ஒரு தட்டு ஸ்ட்ராபெரி. முதல்ல எர்சிலியாவுக்கு நீட்டினார், அப்புறம் நாந்தோவுக்கு, கடைசியா யுதெல்காவுக்கு. குரல் பூப்போல. நாந்தோவுக்கு அந்தக் குரல்தான் புடிக்கல. கோவிச்சுக்கிறவனைப் பாத்திருக்கான், அடிக்கிறவனைப் பாத்திருக்கான். பூப்போலப் பேசிட்டே கண்ணு சிரிக்காதவனை இப்பதான் பாக்கறான்.

எதுக்கு வீண் செலவுன்னு கேட்டார் லெயோனிதாஸ். யுதெல்கா சாயங்காலம் புருஷன்கிட்டப் போயிடுவா, எவாரிஸ்தோ நெலத்தை வாங்கவும் ஆள் பேசியாச்சு, இனிமே இந்தச் செடியெல்லாம் யாருக்கு? ஜன்னலுக்குக் கீழ நிக்கிறதை முதல்ல பாத்து, "இதை நானே நாளைக்கு வேரோட எடுத்துடறேன்"ன்னார். யுதெல்கா தோள்ல லேசாத் தட்டிட்டு, டீசல் போட்டுட்டு வந்துடறேன், தயாரா இருன்னு ஜீப்பை எடுத்துட்டுப் போனார்.

யுதெல்கா கையில இருந்த ஸ்ட்ராபெரி நசுங்கி விரல் இடுக்குல ஒழுகுச்சு. அவ கவனிக்கல.

"மேல அந்த ரூம்ல யாரு?" எர்சிலியா ரொம்ப மெதுவாக் கேட்டாங்க.

யாரும் இல்லைன்னா. எவாரிஸ்தோ கிழங்கும் விதையும் வெச்சிருந்த ரூம். அவர் போனதும் பூட்டியாச்சு. எலி மருந்து வெச்சிருக்கு, போகாதேன்னு காசில்தா சொல்லிடுச்சு. சாவி லெயோனிதாஸ்கிட்ட.

காப்பி வந்துச்சு. குளிர் ஊர் ஆச்சே, சூடா, இனிப்பா. கூடவே கண்ணாடி டம்ளர்ல தண்ணி. டம்ளர் மேல சேவல் படம் போட்டிருந்துச்சு. எர்சிலியாவுக்கு சேவல், நாந்தோவுக்கு சேவல், யுதெல்காவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கப். நாந்தோ சும்மா இருக்க மாட்டாம, பாவம் இவங்க சேவல் எங்க, சண்டைக்குப் போயிடுச்சான்னு கேட்டு வெச்சான். உடைஞ்சு போச்சுன்னு காசில்தா சொல்லிச்சு. சொல்லும்போது கண்ணு மாடிப் பக்கம் ஒரு தடவை போயிட்டு வந்துச்சு. போய் வந்தது எர்சிலியாவுக்குத் தெரிஞ்சுது.

அந்தம்மா உள்ள போனதும் எர்சிலியா டம்ளர் தண்ணியைக் கையில எடுத்தாங்க. ஜன்னலைப் பாத்தாங்க, செடியைப் பாத்தாங்க. சட்டுனு தண்ணியை வாசல் பக்கம் வீசினாங்க. தண்ணி வளைஞ்சு போய், வாழைப்பழம் மாதிரி ஒரு கோடா மண்ணுல விழுந்துச்சு.

"பாத்தியாடா? ஊத்தினா நேர சுவரோரமா விழும். வீசினாத்தான் இப்படித் தள்ளி விழும். செடியில நோய் இருக்கிற இடமும் இந்த மாதிரி வளைவுதான். தினமும் யாரோ அந்த ஜன்னல்லேருந்து தண்ணி வீசறாங்க. பொழுது சாயற நேரத்துல. காலையில வீசியிருந்தா வெயில்ல காஞ்சிருக்கும், நோய் புடிச்சிருக்காது."

யுதெல்கா எந்திரிச்சுட்டா. முகத்துல ரத்தமே இல்ல.

"சாயங்காலம் மேல பலகை கிரீச்சுங்கும். எலின்னு நெனச்சேன்."

அவ மாடி ஜன்னலை அண்ணாந்து பாத்தா.

"பூட்டின ரூம்ல யாரோ இருக்காங்க டோன்யா. மூஞ்சி கழுவித் தண்ணியை வெளிய கொட்டறாங்க." அவ குரல் உடைஞ்சுது. "அவர் தோணியே ஏறல. மேலதான் இருக்கார். என் தலைக்கு மேல. நான் கீழ செடிக்கு மருந்தடிச்சிட்டு இருந்திருக்கேன்."

அவ மாடிப்படிக்கு ஓடினா. கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. எவாரிஸ்தோ, எவாரிஸ்தோன்னு கூப்பிடறா. பதில் இல்ல. வாயைக் கட்டிப் போட்டிருப்பாங்கன்னு அங்கேருந்து கத்தறா. எர்சிலியா நாந்தோ பக்கம் திரும்பினாங்க. கொய்யா மரத்துல சாய்ச்சு வெச்சிருந்த ஏணியைக் காட்டினாங்க.

"நானா?"

"நான் ஏறினா ஏணி சாட்சி சொல்லாது, செத்துப்போகும்."

நாந்தோ ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பேச்சு. உள்ள ஆள் இருந்தா முதல்ல வணக்கம் சொல்லவா, சாப்டாச்சான்னு கேக்கவா? நாய் இருந்தா? அவர் என்னைப் பாத்து லெயோனிதாஸ்னு நெனச்சு மூக்குல குத்திட்டா, என் மூக்கு ஏற்கனவே பாதிதான் ஒழுங்கா இருக்கு. கீழேருந்து பாத்தா வாய் மட்டும் மேல ஏறிப் போற மாதிரி இருந்துச்சு. ஜன்னல் மரப் பட்டை போட்டது. விரலை விட்டு ஒரு பட்டையைத் தூக்கினான். உள்ள இருட்டு. கண்ணு பழகறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

பேச்சு நின்னுடுச்சு.

எர்சிலியா கீழ காத்திருந்தாங்க. நாந்தோ இறங்கினான். தரையில கால் வெச்சதும் அப்படியே ஏணியைப் புடிச்சிட்டு நின்னான். அவன் நெத்தி வேர்த்திருந்துச்சு, இந்தக் குளிர்ல.

யுதெல்கா ஓடி வந்து அவன் சட்டையைப் புடிச்சா. நீலம் அவ கையில ஒட்டிக்கிச்சு. "இருக்காரா? பாத்தீங்களா? இருக்காரா?"

நாந்தோ அவ மூஞ்சியைப் பாக்கல. "டோன்யா, சேவல் டம்ளர் உடையல"ன்னான். "மேல இருக்கு."

உள்ள ஆள் யாரும் இல்ல. ஒரு பெட்டி, மேல வெள்ளைத் துணி. எண்ணெயில மிதக்கிற சின்னத் திரி எரியுது. எவாரிஸ்தோவோட போட்டோ, தொப்பி வெச்சுச் சிரிக்கிறது. போட்டோ முன்னாடி சேவல் டம்ளர் நெறைய தண்ணி. தண்ணிக்குள்ள ஓரமா குட்டி குட்டிக் குமிழி.

அதைப் பாத்ததும் நாந்தோவுக்கு அவன் அத்தை வீடு ஞாபகம் வந்துச்சு. மாமா செத்தப்ப இதே மாதிரி வெச்சிருந்தாங்க. செத்தவங்க ரொம்ப தூரம் நடந்து வர்றாங்க, தாகமா இருக்கும். குமிழி வந்தா வாய் வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். பொழுது சாயறப்ப பழைய தண்ணியை மாத்தணும். சாக்கடையில கொட்டக் கூடாது. வெட்டவெளியில வீசணும். வீசிட்டு எங்க விழுந்துச்சுன்னு பாக்கக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கணும். உயிரோட இருக்கிறவனுக்கு இந்த ஊர்ல எவளும் அந்தத் தண்ணியை வைக்க மாட்டா. வெச்சா அவனை நாமளே வழியனுப்பி வெச்ச மாதிரி.

அவன் விளக்க வேண்டியதே இல்ல. டம்ளர், திரி, போட்டோன்னு சொன்னதுமே யுதெல்காவுக்குப் புரிஞ்சுடுச்சு. அவளும் இந்த ஊர்தான். அழல. மெதுவா மண்ணுல உக்காந்தா, செடி பக்கத்துல. உதிர்ந்த இலை ஒண்ணை எடுத்து, அதுல இருந்த புள்ளியைக் கட்டை விரலால தேச்சுட்டே இருந்தா, அழிஞ்சிடும்கிற மாதிரி.

வாசப்படியில காசில்தா நின்னுச்சு. கையில கரண்டி இல்ல. கழுத்துல தொங்கின மாதா படத்துக்குப் பின்னாலேருந்து ஒரு சாவியை இழுத்து வெளிய எடுத்துச்சு. லெயோனிதாஸ்கிட்ட இருக்கிறது ஒண்ணு. இது இன்னொண்ணு.

"மூணு மாசமா என் தம்பி போர்ட்டோ ரிக்கோவுல இருக்கான்னு ஊர் பூரா சொன்னவ நான்தான்"னுச்சு.

மத்ததை எல்லாம் அந்தம்மா தரையைப் பாத்துட்டே சொல்லிச்சு. தம்பியைக் கடற்கரையில விட்டுட்டு லெயோனிதாஸ் அன்னிக்கே திரும்பிட்டார். பேன்ட்டைத் துவைக்க எடுத்தப்ப பாக்கெட்டுல தம்பியோட போன். சிவப்பு உறை, மேல யுதெல்கா ஒட்டின ரோஜா ஸ்டிக்கர். எவாரிஸ்தோ சோத்தை மறந்தாலும் போனை மறக்க மாட்டான். போனை அப்படியே பாக்கெட்டுல வெச்சுட்டுப் பேன்ட்டைத் துவைக்காம மாட்டிடுச்சு. லெயோனிதாஸ் கேக்கல, அந்தம்மாவும் கேக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில அவர் பூப்போலக் கேட்டாராம், கடல் எவ்வளவு ஆழம் தெரியுமா காசில்தான்னு. அதுக்கப்புறம் அந்தம்மாவுக்கு வாயே வரல. தண்ணி மட்டும் வெச்சுது. அவர் வெளிய போற நேரமாப் பாத்து.

எர்சிலியா அதுக்குள்ள போனை எடுத்து ஸ்டேஷன்ல பழைய சிநேகிதரான ஒரு போலீஸ் காப்போரல்கிட்ட சுருக்கமாப் பேசி முடிச்சிருந்தாங்க. நாந்தோ தன் பழைய குவாகுவா டிரைவருக்கு அடிச்சான். எதுவும் கேக்காத, வண்டியைக் கொண்டு வந்து யுதெல்கா வீட்டுச் சந்து முனையில குறுக்க நிறுத்து, வழியில ஸ்டேஷன்ல ரெண்டு பேர் ஏறுவாங்க, காசு கேட்டுடாத.

அப்புறம் எர்சிலியா காசில்தாவைப் பாத்தாங்க.

"பாக்காம வீசினதால எங்க விழுதுன்னு உங்களுக்குத் தெரியல. சரி. ஆனா செடியில புள்ளி வந்துச்சுன்னு யுதெல்கா தினம் புலம்பியிருக்கா. அப்பவே புரிஞ்சிருக்குமே. அந்த ரூம்ல பின்பக்கமும் ஒரு ஜன்னல் இருக்கு, நான் பாத்தேன். ஏன் மாத்தல?"

காசில்தா சாவியை உள்ளங்கையில மூடிக்கிச்சு. அடுப்புல பாயசம் அடி புடிக்கிற வாசனை வந்துச்சு. யாரும் போகல.

"காலையில எந்திரிச்சதும் இவ முதல்ல பாக்கறது அந்தச் செடியைத்தான்"னுச்சு கடைசியா. "எனக்குச் சொல்றதுக்கு தைரியம் இல்ல. செடியாவது சொல்லட்டும்னு விட்டேன். அதை வெட்டிட்டா ஒண்ணுமே இருக்காதுல்ல."

யுதெல்கா தலையைத் தூக்கி நாத்தனாரைப் பாத்தா. அந்தப் பார்வையில என்ன இருந்துச்சுன்னு நாந்தோவுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. வெறுப்பு இருந்துச்சு. அது மட்டும்னு சொல்ல முடியல.

ஜீப் ஹாரன் கேட்டுச்சு.

கேட்டுக்கு வெளிய வந்து நின்னுது. லெயோனிதாஸ் இறங்கல. ஜன்னலை இறக்கிட்டு, நேரமாச்சு யுதெல்கான்னு கூப்பிட்டார். அதே பூக்குரல். சந்து முனையில குவாகுவா இன்னும் வரல. நாந்தோ காதைத் தீட்டிக் கேட்டான். வரவே இல்ல. அவனுக்கு ஒரு ஜோக்கும் வரல.

எர்சிலியா யுதெல்கா பக்கத்துல குனிஞ்சு காதுல ஏதோ சொன்னாங்க. யுதெல்கா தலையாட்டினா. இதோ வரேன் அண்ணா, பையை எடுத்துட்டு வரேன்னு சத்தமாச் சொன்னா. குரல் நடுங்கல. அப்புறம் ரோஜா வேலிக்குப் பின்னால குத்துக்கால் வெச்சு உக்காந்து, போனை எடுத்து, புருஷன் நம்பருக்கு மெசேஜ் அடிச்சா. நான் கெளம்பிட்டேன். எனக்கு பயமா இருக்கு.

அனுப்பிட்டா.

மூணு பேரும் இலை இடுக்கு வழியாப் பாத்தாங்க. இலையெல்லாம் பச்சையா, புள்ளி இல்லாம, நல்லா இருந்துச்சு. அவ பாத்துப் பாத்து வளர்த்தது. அந்த இடுக்குல லெயோனிதாஸ் தெரிஞ்சார். தலையைத் திருப்பினார். டேஷ்போர்டைத் திறந்து ஒரு போனை எடுத்தார். சிவப்பு உறை. ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருந்துச்சு. படிச்சார். லேசா சிரிச்சார். கட்டை விரலால நிதானமா அடிச்சார்.

யுதெல்கா கையில போன் அதிர்ந்துச்சு.

பயப்படாத கண்ணே. நான் இருக்கேன்ல. வா.

நாந்தோ தன் வாயைத் தானே பொத்திக்கிட்டான். எர்சிலியா அந்த மெசேஜையும், ஜீப்பையும், அந்தக் கையையும் சேத்துப் பாத்துட்டாங்க. ஸ்டேஷன்ல சொல்றதுக்கு இது போதும். அப்பதான் சந்து முனையில தகரம் ஆடற சத்தம், மூச்சு வாங்கற எஞ்சின். குவாகுவா குறுக்க வந்து நின்னுது. கதவு திறந்து முதல்ல காப்போரல் இறங்கினார். லெயோனிதாஸ் கண்ணாடியில பின்னாடி பாத்தார். முன்னாடியும் வழி இல்ல, அந்தச் சந்து முட்டுச்சந்து.

யுதெல்கா அதையெல்லாம் பாக்கல. அவ இன்னும் போனைத்தான் பாத்துட்டிருந்தா. மெசேஜ் எழுதற பெட்டிக்குள்ள கோடு மின்னி மின்னி நின்னுது, பதில் எழுதுன்னு. எதிர்ப்பக்கம் அவ புருஷனோட பேரு, அவ புருஷனோட சிரிச்ச போட்டோ. அவ விரல் எழுத ஆரம்பிச்சுது.

அவ என்ன எழுதினாங்கறதை இந்தக் கதையை எழுதற நான் இங்க போடல. அந்தப் போனுக்குப் போன கடைசி வார்த்தை அதுதான். நீங்க அவ இடத்துல, அந்த வேலிக்குப் பின்னால, நீலம் படிஞ்ச கையோட உக்காந்திருந்தா என்ன எழுதியிருப்பீங்க? லெயோனிதாஸுக்கா, இல்ல எவாரிஸ்தோவுக்கா? ஒரே ஒரு வரி போதும். எனக்கு எழுதுங்க.